டொரண்டோ குளிரில கடதாசிப்பூ, செவ்வரத்தை, கார்த்திகைப்பூ எல்லாம் எப்பிடி தப்ப வைக்கிறது?

மாங்குளத்தான்:
வணக்கம் எல்லாருக்கும். என்ர அக்கா டொரண்டோவில, ஸ்காபரோ பக்கம் இருக்கிறா, வீட்டுக்குப் பின்னால கொஞ்ச வளவு. இந்த சமர் முழுக்க கடதாசிப்பூ, செவ்வரத்தை, பூவாழை, பட்டிப்பூ எண்டு இங்க எங்கட வளவில சும்மா நிக்கிறது எல்லாத்தையும் அங்க காசு குடுத்து சாடியில வாங்கி வைச்சு வீடியோ கோலில ஒவ்வொண்டா காட்டிக்கொண்டிருந்தவ. கார்த்திகைப்பூ கிழங்கு ஒண்டும் வாங்கி நட்டு அது பூத்தவுடன பெரிய புளுகம். இப்ப ராவில 8, 9 டிகிரிக்கு இறங்குதாம், செவ்வரத்தை இலை மஞ்சளாகிக் கொட்டுதாம், என்ன செய்யிறது எண்டு என்னட்ட கேக்கிறா. நான் மாங்குளத்தில இருந்துகொண்டு குளிருக்கு என்னத்தைச் சொல்ல, இங்க மார்கழிப் பனிக்கே சனம் தொப்பி போட்டுக்கொண்டு திரியுது. ஹோலில தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல் ஒண்டு இருக்கு, பேஸ்மென்ட் இருக்கு ஆனா வெளிச்சம் இல்லை. எல்லாத்தையும் உள்ளுக்கு எடுக்க இடம் காணாது. எதைக் காப்பாத்தலாம், எதை விடலாம்? மற்றது இங்க இருந்து கார்த்திகைக் கிழங்கு கிளப்பி அனுப்பட்டாம். வேலியெல்லாம் இப்பதான் முளை வருது.

முள்ளியவளை2மார்க்கம்:
தம்பி, செவ்வரத்தையை இண்டைக்கே உள்ளுக்கு எடுக்கச் சொல்லுங்கோ. ராவில 10 டிகிரிக்கு கீழ போகத் தொடங்கினா அது வெளியில நிக்கிற ஆள் இல்லை. எடுக்க முதல் இலைக்குக் கீழ பிரட்டிப் பாக்கோணும், வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் அங்கதான் ஒளிச்சிருக்கும், ஹோஸ்பைப்பால நல்லா அடிச்சுக் கழுவிப்போட்டு கொண்டுபோகட்டும், இல்லாட்டி தைப்பொங்கலுக்கிடையில வீட்டில இருக்கிற மிச்ச மரத்துக்கும் பரவியிடும். தெற்கு ஜன்னல் அதுக்குத்தான். உள்ளுக்கு வந்தாப்பிறகும் இலை கொட்டும், அதுக்குப் பயந்து தண்ணியை ஊத்தக் கூடாது, உரமும் போடக் கூடாது. மார்கழியில இங்க பகல் 9 மணித்தியாலம்தான், மாங்குளத்தில அந்த நேரத்திலயும் 11க்கு மேல இருக்கும். வெளிச்சம் இல்லாத மரத்துக்கு சாப்பாடு குடுத்து என்ன பிரியோசனம்?

உங்கட அக்காவுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான், இங்கத்தைய வின்ரரை எங்கட ஊர் கோடை மாதிரி நினைக்கட்டும். வன்னியில பங்குனிக்குப் பிறகு வெயில் ஏற ஏற கார்த்திகைக்கொடி இருந்த இடமே தெரியாது, கிழங்கு கீழ சும்மா கிடக்கும். கடதாசிப்பூ தண்ணி இல்லாமலே நிண்டு பூக்கும். அதுகளுக்கு காய்ச்சல் பழக்கம். இங்க சனம் மரத்தைக் கொல்லுறது முக்கால்வாசி குளிரால இல்லை, குளிருக்கை சாடியை ஈரமா வைச்சு வேரை அழுக விட்டுத்தான்.

பட்டிப்பூவை விட்டிடச் சொல்லுங்கோ, இங்க அது ஒரு வருசப் பூ. விதையை எடுத்து வைச்சு மாசி கடைசியில வீட்டுக்கை போட்டா சரி, முளைக்கிறதுக்கு இருட்டும் சூடும் வேணும், மேல மண் போட்டு மூடோணும்.

லெஸ்டர்_வாசி:
முள்ளியவளை சொன்னது சரி, ஆனா பூவாழைக்கு அந்தக் கோடைக் கதை முழுசாப் பொருந்தாது. அதின்ர கிழங்கை எலும்பாக் காய விட்டா சுருங்கிப்போம். இங்கிலாந்தில நாங்கள் செய்யிறது, முதல் உறைபனி பட்டு இலை கறுத்தவுடன தண்டை ஒரு சாண் விட்டு வெட்டிப்போட்டு கிழங்கோட கிளப்பி, லேசா ஈரமான மரத்தூளுக்கையோ பழைய பொட்டிங் மிக்ஸுக்கையோ வைச்சு 5 இலிருந்து 10 டிகிரிக்கை ஒரு மூலையில போட்டிடுவம். டேலியாவும் அப்பிடித்தான், ஆனா அதை முதல் தலைகீழா வைச்சு தண்டுக்குள்ள நிக்கிற தண்ணியை வடிய விடோணும். இங்க ஆர்எச்எஸ் எண்ட தோட்டக்கலைச் சங்கம் செடிகளுக்கு எச்1 இலிருந்து எச்7 வரை தரம் போட்டு வைச்சிருக்கு, அதில எச்3 எண்டா சைபருக்குக் கீழ 5 டிகிரி வரை தாங்கக்கூடியது. டேலியாவுக்கு அந்தத் தரம்தான். இங்க சில பேர் அதை மண்ணுக்கையே விட்டு மேல இலைகுப்பை போட்டு மூடி விடுவினம், டொரண்டோவில அந்த விளையாட்டு வேண்டாம்.

மாங்குளத்தான்:
பெரிய நன்றி. அக்கான்ர வீட்டுப் படிக்குக் கீழ கோல்ட் ரூம் எண்டு ஒண்டு இருக்காம், ஊறுகாய் போத்தல் வைக்கிறவ. கடதாசிப்பூவை அங்க வைக்கலாமோ?

முள்ளியவளை2மார்க்கம்:
அது நல்ல இடம், முதல் ஒரு தெர்மாமீற்றரை வைச்சுப் பாக்கட்டும், 5க்கு கீழ போகாட்டி பூவாழைக் கிழங்கும் கடதாசிப்பூவும் அங்க போகலாம். கடதாசிப்பூ இலை எல்லாம் கொட்டி குச்சியா நிக்கும், செத்துப்போச்செண்டு எறிஞ்சுபோடாதேங்கோ, நகத்தால பட்டையைச் சுரண்டினா உள்ளுக்கு பச்சை தெரியும். இலை இல்லாத நேரம் வெளிச்சமும் தேவையில்லை. ஹீட்டர் ஓடுற பேஸ்மென்டில மட்டும் வேண்டாம், சூடும் இருட்டும் சேந்தா வெளிறின முளை நீளநீளமா வரும், அதாலயே மரம் களைச்சுப்போம்.

கார்த்திகைக் கிழங்கை கோல்ட் ரூமில வைக்க வேண்டாம், அதுக்கு 10க்கு மேல வேணும். கொடி மஞ்சளாகினவுடன தண்ணியை நிப்பாட்டி சாடியோட அப்பிடியே ஏதாவது கபேட்டுக்கை வைக்கட்டும். பங்குனியில கவிட்டுக் கொட்டேக்க கவனம், பழைய கிழங்கு வத்திப்போய் பக்கத்தில கவர்விட்ட புதுசு ஒண்டு இருக்கும், முளை அதின்ர நுனியிலதான், லேசாத் தட்டுப்பட்டாலும் முறியும், நுனி போனா அந்தக் கிழங்கு பிறகு முளைக்காது. படுக்க வைச்சு நடோணும். வெளியில கொண்டுபோறது விக்டோரியா டே எண்டு இங்க மே மாசம் வாற லீவு நாளுக்குப் பிறகு, அதுவும் ஒரேயடியா வெயிலில இல்லை, ஒரு கிழமை நிழலில வைச்சுப் பழக்கி.

வவுனியா நேர்சறி:
அனுப்புற விசயம் நான் சொல்லுறன் தம்பி. இப்ப கிளப்பாதேங்கோ, முளைச்ச கிழங்கு போற வழியிலயே முறியும், போய்ச் சேந்தாலும் அங்க வின்ரர். தை கழிய கொடி காஞ்சு விழும், மாசி பங்குனியில கிளப்பினா கிழங்கு உறக்கத்தில இருக்கும், அங்க நடுற காலத்துக்கும் கணக்கா இருக்கும். ஆனா சூட்கேசுக்கை உடுப்புக்கு நடுவில சுத்தி அனுப்புற யோசனை இருந்தா விடுங்கோ. கனடாவுக்கு நடுகை கொண்டுபோறதெண்டா அங்கத்தைய இறக்குமதி அனுமதியும் இங்க தாவர தடுப்புக்காப்புச் சேவையின்ர சான்றிதழும் வேணும், ஒரு பொட்டு மண் ஒட்டியிருந்தாலும் எயாபோட்டில எடுத்துப்போடுவாங்கள். ரெண்டு கிழங்குக்கு அவ்வளவு அலைச்சலோ? அங்க ஸ்பிரிங்குக்கு ரொத்ஸ்சைல்டியானா எண்ட பேரில விக்கிறது இதே கொடிதான், பூ கொஞ்சம் பெரிசு.

இன்னொண்டு, அக்கா வீட்டில சின்னப் பிள்ளையளோ பூனையோ இருந்தா கிழங்கு வைக்கிற இடம் பூட்டுற கபேட்டா இருக்கட்டும். எங்கட பிள்ளையளுக்கு வேலியில கண்டு பழக்கம், அங்க பிறந்ததுகள் சின்ன வத்தாளையெண்டு கடிச்சுப் பாக்குங்கள். அதில இருக்கிற கொல்கிசின் ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு.

மாங்குளத்தான்:
ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள், சின்னவன் எல்லாத்தையும் வாயில வைக்கிறவன். கோல் எடுத்துச் சொல்லிட்டன், ஊறுகாய்க்குப் பக்கத்தில ஒரு கிழங்கும் வைக்க வேண்டாம் எண்டும் சொன்னனான். செவ்வரத்தை உள்ளுக்கு வந்திட்டுதாம், அத்தார்தான் தூக்கினவர், நாரி பிடிச்சுப்போச்சாம்.