மனைவிக்குக் கீமோ நடக்கிறது, மனசு ஒரு அரைமணி நேரம் அடங்க என்ன செய்கிறீர்கள்?

வைகைக்கரை:
மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். வேலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறோம். 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ, இரண்டு முடிந்துவிட்டது. சிவப்பு மருந்து ஏறும்போது அவள் தைரியமாகத்தான் இருக்கிறாள், நான்தான் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி அவள் புரண்டு படுத்தாலே எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். கோவிலுக்குப் போ என்கிறார்கள், போனால் அங்கேயும் ரிப்போர்ட் நினைப்புதான். அவளை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதே தப்பாகத் தெரிகிறது. இதைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரி அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரருக்குக் குடலில் வந்தது. மருந்து ஏறிய நாட்களில் பச்சைத் தண்ணீரைத் தொட்டாலே விரலெல்லாம் முள் குத்தும் என்பார், பல் தேய்க்கக்கூட வெந்நீர் வேண்டும். விடியற்காலை அஞ்சு மணிக்கு அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, அடியில் குட்டிக் குமிழி கிளம்பி ஆவி வருகிறவரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். போனைத் தொட மாட்டேன். ஆறு மாதமும் என்னைத் தாங்கியது அந்தப் பத்து நிமிஷம்தான். நீங்களும் தனியாக நேரம் தேடாதீர்கள், அவளுக்காகச் செய்கிற ஏதாவது ஒரு வேலையை நிதானமாகச் செய்யுங்கள்.

தெற்குவாசல்:
சார், நெற்றியைத் தொடுவதை விடுங்கள், தெர்மாமீட்டர் வாங்குங்கள். படுக்கும்முன் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதிவிட்டுத் தூங்குங்கள். அவர்களுக்கு உடம்பு சுட்டாலோ குளிர் எடுத்தாலோ மட்டும் மறுபடி பாருங்கள், 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் நடுராத்திரி என்றாலும் உடனே ஆஸ்பத்திரி. அந்த எண் கையில் இருந்ததால்தான் நான் அம்மா பக்கத்தில் இருந்தபோது கொஞ்சமாவது தூங்கினேன். பெரும்பாலும் கிருமியை எதிர்க்கிற ரத்த வெள்ளணு குறைவது கீமோ ஏறிய 7லிருந்து 14 நாளுக்குள், அந்த வாரம் கூட்டத்துக்குள் போக வேண்டாம். மூன்றாவது வாரம் தெம்பு வந்ததும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சாயங்காலம் இரண்டு பேருமாகக் கோட்டைப் பக்கம் போங்கள். கோவிலுக்குள் போகவேண்டும் என்றுகூட இல்லை, அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாலே போதும்.

மல்லிகைப்பந்தல்:
நான் சிகிச்சை எடுத்தவள், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் அண்ணா. என் கணவர் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வரும். டீ குடிச்சுட்டு வாங்க என்று நான் அனுப்பியது அவருக்காக மட்டுமில்லை, யாருக்கும் தைரியம் காட்டாமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடக்க எனக்கும் ஆசையாக இருந்தது. அண்ணியிடமே கேட்டுப் பாருங்களேன்.

வைகைக்கரை:
கேட்டேன்மா. "அப்பாடா, போயிட்டு மெதுவா வாங்க, வரும்போது ரெண்டு எலுமிச்சம்பழம்" என்றாள். முழு டீயையும் ஆறாமல் குடித்து எத்தனை நாள் ஆயிற்று! திரும்பி வந்தபோது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை. அப்புறம் எழுந்து பழத்தை நகத்தால் கீறி ரொம்ப நேரம் மோந்துகொண்டே இருந்தாள். அடுத்த கீமோவுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, டாக்டர் சரி என்றால் நாளை சாயங்காலம் கோட்டைக்குப் போகிறோம்.