லினோகட் கற்க மூன்று மணி நேரப் பட்டறை போதுமா?

தூரிகைக்காரி (கேள்வி)

வணக்கம். மதுரையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். நீர்வண்ணம் பழகிய கை. அச்சுக்கலை எனக்கு முற்றிலும் புதிது. இங்கே ஒரு சனிக்கிழமை பிற்பகலில், 8 பேருக்கு மட்டும் லினோகட் (தகட்டில் செதுக்கி, செதுக்காத மேட்டில் மை பூசித் தாளில் அச்சிடும் முறை) பயிற்சிப் பட்டறை நடத்தப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். 3 மணி நேரம். கட்டணம் 1,800 ரூபாய். உளிகள், ரப்பர் தகடு, மை எல்லாவற்றையும் அவர்களே தருவார்களாம். முடிவில் ஆளுக்கு ஓர் இருவண்ண அச்சுப்படத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமாம். அதே பணத்தில் உளிகளையும் மை பூசும் ஓர் உருளையையும் வாங்கிவிட்டுக் காணொளிகளைப் பார்த்தே பழகலாமே என்கிறார் உடன் பணிபுரியும் தோழி. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், பள்ளி ஆண்டு விழாவுக்குத் தமிழ் எழுத்துகளோடு அழைப்பு அட்டை அச்சிட வேண்டும் என்பவை என் நோக்கங்கள். எந்த வழியில் போவது நல்லது?

அச்சுமை

செதுக்குவதைக் காணொளி பார்த்து ஓரளவு கற்றுக்கொள்ளலாம். மை பூசுவதை அப்படிக் கற்பது கடினம் என்பது, சிறு குழுக்களுக்குப் பயிற்சியளித்துவரும் என் கருத்து. கண்ணாடிப் பலகையில் மையைப் பரப்பி உருளையை ஓட்டும்போது எழும் ஓசையைக் கொண்டே அளவு சரிதானா என்று அறிய வேண்டும். மை மிகுந்தால் உருளை வழுக்கிக்கொண்டு ‘சளக் சளக்’ என்று ஈரமாக ஒலிக்கும். அளவோடு இருந்தால் மெல்லிய ‘உஸ்’ என்ற சீறல் விடாமல் கேட்கும். மையின் பரப்பும் வெல்வெட் துணியைப் போலத் தெரியும். பக்கத்தில் ஒருவர் நின்று “இதுதான், இங்கேயே நிறுத்துங்கள்” என்று சொல்லும்போது ஒரு நிமிடத்தில் பிடிபடுவது, தனியாகப் பழகினால் பல காகிதங்களைத் தின்றுவிடும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், அங்கே எத்தனை உருளைகளும் மைப் பலகைகளும் இருக்கின்றன என்று கேளுங்கள். 8 பேருக்கும் ஒரே உருளை என்றால் கடைசி அரை மணி நேரம் வரிசையில் நிற்பதிலேயே கழிந்து, ஆளுக்கு ஓர் அச்சு எடுத்ததும் பட்டறை முடிந்துவிடும். முதல் அச்சு பெரும்பாலும் வெளிறியோ அப்பியோதான் வரும். நான்கைந்து படிகள் எடுத்த பிறகே மையும் அழுத்தமும் கைக்கு வசப்படும்.

இருவண்ண அச்சு என்ற வாக்குறுதிதான் எனக்கு நெருடுகிறது. ஒரு வண்ணத்தை அச்சிட்டபின் அதே தகட்டை மேலும் செதுக்கி, அதே படியின்மேல் அடுத்த வண்ணத்தை ஏற்றும் முறை பிக்காசோவால் புகழ்பெற்றது. தெற்கு பிரான்சின் வலோரிஸ் ஊரில் இடால்கோ அர்னேரா என்ற தேர்ந்த அச்சாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை அது. எண்ணெய் மை காய ஓரிரு நாளாவது வேண்டும் என்பதால், 3 மணி நேரத்துக்குள் இரண்டு வண்ணம் என்றால் நீரில் கரையும் மையைத்தான் கொடுப்பார்கள். அந்த மையோ மதுரை வெயிலில், அதுவும் மின்விசிறிக்குக் கீழே, பலகையிலேயே காயத் தொடங்கிவிடும். ஒரே வண்ணத்தில் நிறையப் படிகள் எடுக்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கருப்பும்வெள்ளையும்

பட்டறைக்குப் போகலாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். செதுக்குவதைக் காணொளியில் கற்கலாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. உளியின் சாய்வு திரையில் தெரியாது. செங்குத்தாகப் பிடித்தால் முனை லினோ தகட்டின் அடியில் உள்ள சணல் துணிவரை இறங்கிச் சிக்கிக்கொள்ளும். மிகவும் படுக்க வைத்தால் வழுக்கி ஓடும். செதுக்காமல் மேடாக விடும் கோட்டின் இரு சுவர்களும் அடியில் அகன்று சரிவாக நிற்க வேண்டும். உள்நோக்கிக் குடைந்துவிட்டால் சில படிகளுக்குள் கோடு பிய்ந்துவிடும்.

ரப்பர் தகட்டைப் பற்றியும் ஒரு சொல். லினோலியம் என்பது ஆளி விதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் பிசினையும் கலந்து சணல் துணியின்மேல் படியவைத்த பொருள்; 1860களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் தரைவிரிப்புக்காக உருவாக்கியது. அதில் கோடு அசையாமல் நிற்கும். மென்மையான ரப்பரிலோ அழுத்தும்போது மெல்லிய கோடுகள் நெளிந்துவிடும். ஆனாலும் உங்கள் எட்டாம் வகுப்புக்கு ரப்பரே பொருத்தம், ஏனெனில் குறைந்த விசையில் வெட்டலாம், உளி நழுவுவதும் குறையும். நீங்கள் மட்டும் ஒருமுறையாவது உண்மையான லினோவில் செதுக்கிப் பாருங்கள். பழைய தகடு இறுகியிருந்தால் குளிர்நாட்டுக்காரர்கள் இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றுவார்கள். நமக்கு வெயிலில் சில நிமிடங்கள் வைத்தாலே இளகிவிடும்.

முதல் படத்துக்குக் கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளையே தேர்ந்தெடுங்கள். தண்டி யாத்திரையை ஒட்டி 1930இல் ஓவியர் நந்தலால் போஸ் உருவாக்கிய, கோலூன்றி நடக்கும் காந்தியின் லினோகட்டைப் பாருங்கள். உளி போன இடமெல்லாம் வெள்ளைக் கோடு. தொடாத இடமெல்லாம் கருப்பு. அத்தனை குறைவாகச் செதுக்கி ஒரு மனிதரின் நடையையே கொண்டுவந்திருக்கிறார்.

தூரிகைக்காரி

இருவருக்கும் மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன்: உருளைகள் நான்கு உள்ளனவாம், ஒரே வண்ணத்தில் வேண்டிய அளவு படிகள் எடுக்கலாமாம். ஆகவே பதிவு செய்துவிட்டேன். அழைப்பு அட்டையில் வரவேண்டிய எழுத்துகளைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய அச்சகம்

அம்மா, எழுத்துகளைத் தகட்டில் இடவலமாகப் புரட்டித்தான் செதுக்க வேண்டும். மென்மையான பென்சிலால் டிரேசிங் தாளில் நேராக எழுதி, தாளைக் கவிழ்த்துத் தகட்டின்மேல் வைத்துப் பின்புறம் தேய்த்தால் எழுத்து தானாகவே புரண்டு பதிந்துவிடும். செதுக்கும் முன் தகட்டைக் கண்ணாடியில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். சரியாகப் படிக்க முடிந்தால் அச்சிலும் அப்படியே வரும்.

தமிழுக்கென்றே சில இடர்கள் உள்ளன. ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் உளி திரும்ப இடம் வேண்டும் என்பதால், எழுத்தின் உயரம் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். புள்ளிதான் பெரிய தொல்லை. வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்தாக வரவேண்டும் என்று சுற்றிலும் செதுக்கி நீக்கினால், ‘க்’ மேலுள்ள புள்ளி ஒரு சிறு தூண்போலத் தனித்து நின்று, உருளை பட்டதும் பெயர்ந்துவிடும். எழுத்தையே வெள்ளையாகச் செதுக்கிவிட்டால் புள்ளிக்கு உளி முனையால் ஒரு குத்துப் போதும்.

அட்டைக்குக் கனமான தாளைத் தேடாதீர்கள். அழுத்துபொறி இல்லாமல் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து எடுப்பதற்கு மெல்லிய, வழுவழுப்பான தாளே ஏற்றது. அதில் அச்சிட்டபின் அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். மாணவர்களுக்காகத் தச்சரிடம் சொல்லி, மேசை விளிம்பைப் பற்றிக்கொள்ளுமாறு அடியில் ஒரு சட்டமும், தகடு முட்டி நிற்க மேலே ஒரு சட்டமும் அடித்த பலகைகளைச் செய்து வாங்குங்கள். தகட்டைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். எண்ணெய் மையைப் பயன்படுத்தினால், பலகையைச் சமையல் எண்ணெயால் துடைத்துப் பிறகு சோப்பு நீரால் கழுவலாம்; ஆனால் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிக்குவியல் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், அவற்றை நீரில் நனைத்தோ தனித்தனியாக விரித்து உலர்த்தியோ பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.