கங்காரு எலி தண்ணீரே குடிக்காதா?

கேள்வி:
அரிசோனாவில், சோனோரா பாலைவனத்தில் ராத்திரி கூடாரம் போட்டிருந்தோம். டார்ச் வெளிச்சத்தில் ஒரு சின்ன எலி பின்னங்காலிலேயே துள்ளிப் போனது, வால் உடம்பைவிட நீளம், நுனியில் குஞ்சம் மாதிரி முடி. கங்காரு எலி என்றார்கள். இது தண்ணீரே குடிக்காமல் வாழுமாமே, எப்படி?

பதில் 1:
உண்மைதான், காய்ந்த விதையே போதும். 1 கிராம் மாவுச்சத்து உடம்பில் எரிந்தால் சுமார் 0.6 கிராம் தண்ணீர் உண்டாகும். நமக்கும் அப்படித்தான், ஆனால் வியர்வையிலும் சிறுநீரிலும் அதைவிடப் பல மடங்கு விட்டுவிடுகிறோம். இதற்கு வியர்க்காது, சிறுநீர் ரொம்பக் கெட்டி, அப்புறம் வெளியே விடும் மூச்சு மூக்குக்குள்ளேயே குளிர்ந்து ஈரம் அங்கேயே படிந்துவிடும். எனக்கு அந்த மூக்குதான் பெரிய ஆச்சரியம்.

பதில் 2:
பகல் முழுக்க வளைக்குள்தான் இருக்கும், பல நேரம் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வெளியே மண் கொதித்தாலும் உள்ளே காற்று ஈரமாக இருக்கும், சேர்த்துவைத்த விதையும் அந்த ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். விதையைச் சுமக்கும் பை கன்னத்துக்கு வெளிப்புறம் திறக்கும், உள்ளே ரோமம், அதனால் எச்சில்கூட வீணாகாது.

பதில் 3:
ஒரு திருத்தம்: பச்சை இலை, பூச்சி கிடைத்தால் அதையும் தின்னும். கங்காருவுக்கும் இதற்கும் உறவு இல்லை. கிலுகிலுப்பைப் பாம்பு பாயும்போது இது அப்படியே மேலே எம்பி, காற்றிலேயே பாம்பை உதைத்துத் தள்ளுவதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்திருக்கிறார்கள், அவசியம் தேடிப் பாருங்கள். அடுத்த முறை போனால் தயவுசெய்து வளைகளுக்கு மேல் வண்டி ஏற்றாதீர்கள், மண் இடிந்துவிடும்.