மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டை இறுகுகிறது, பரிசோதனைகள் எல்லாம் சரி என்கிறார்கள்

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குச் சற்று முன்னர் கடுமையான சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாறிவிட்டது, தொண்டை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வகுப்பில் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதோ, மாடிப்படி ஏறும்போதோ, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கும் புகையோ நுளம்புச் சுருளின் புகையோ வரும்போதோ, திடீரென்று தொண்டைக்குழி இறுகி, மூச்சை உள்ளே இழுக்கவே முடியாமல் போகிறது. அந்த நேரத்தில் ஒரு கரகரத்த சத்தமும் வருகிறது. சில நிமிடங்களில் தானாகவே விட்டுவிடும். மற்ற நேரங்களில் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு இருக்கிறது, அடிக்கடி செருமத் தோன்றுகிறது, மாலையில் குரல் அடைத்துவிடுகிறது. சோறு, தண்ணீர் விழுங்குவதில் சிரமமில்லை.

குடும்ப வைத்தியர் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று இன்ஹேலர் இரண்டு தந்தார். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே, ஈசீஜி, இரத்தப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் இயல்பு. பின்னர் சனல் செய்து, அதாவது தனியார் வைத்தியசாலையில் முன்பதிவு செய்து, நான் பார்த்த வைத்திய நிபுணர், அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, இது மனப்பதற்றம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனம் உடலைப் பாதிக்காது என்று நான் வாதாடவில்லை. ஆனால் எனக்குத் தொண்டை இறுகிய பிறகுதான் பயம் வருகிறது, அதற்கு முன்பு இல்லை. காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரைப் பார்க்க இன்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை இதை எப்படிச் சமாளிப்பது, அவரிடம் என்னவென்று விளக்குவது? என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அம்மா இரவில் தூங்காமல் இருக்கிறார்.

பதில்: கொட்டாஞ்சேனைவாசி

சகோதரி, நீங்கள் எழுதியதை வாசித்தபோது என்னுடைய பழைய மருத்துவக் கோப்பை வாசிப்பது போலவே இருந்தது. உங்களுக்கும் அதே நோய்தான் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் வைத்தியரிடம் கேட்கவேண்டிய ஒன்று என்பதால் எழுதுகிறேன். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது குரல்நாண்கள் இரண்டும் விலகி வழிவிட வேண்டும். சிலருக்கு அவை அந்த நேரத்தில் மாறாக நெருங்கி மூடிக்கொள்கின்றன. இதைக் குரல்நாண் செயற்பாட்டுக் கோளாறு (vocal cord dysfunction) என்பார்கள். 1983ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர்கள், ஆஸ்துமா என்று நம்பிச் சிகிச்சை பெற்றுவந்த நோயாளிகள் சிலரிடம் இதைக் கண்டு விவரித்திருக்கிறார்கள். சளிக்காய்ச்சலுக்குப் பின் தொடங்குவதும், புகை, வாசனைத் திரவியம், பலத்த பேச்சு, உடற்பயிற்சி ஆகியவற்றால் தூண்டப்படுவதும் இதில் வழக்கமானவை. ஆஸ்துமாவில் பொதுவாக மூச்சை வெளியே விடுவதுதான் கடினம், விசில் போன்ற சத்தம் நெஞ்சிலிருந்து வரும். இதில் உள்ளே இழுப்பது கடினம், சத்தம் தொண்டையிலிருந்து வரும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு என்பதால், நீங்களாகவே இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் பரிசோதனைகள் சரியாக வந்ததில் வியப்பில்லை. தொண்டை இறுகாத வேளையில் மூக்கு வழியாகக் கமராக் குழாயைச் செலுத்திப் பார்த்தாலும் குரல்நாண்கள் இயல்பாகவே தெரியக்கூடும். எனவே, குழாய் உள்ளே இருக்கும்போதே வேகமாக மூச்சு வாங்கச் சொல்லியோ, சத்தமாக வாசிக்கச் சொல்லியோ பார்க்க முடியுமா என்று வைத்தியரிடம் பணிவாகக் கேளுங்கள். ஊதிப் பார்த்த பரிசோதனையில் மூச்சை உள்ளே இழுக்கும் பகுதியையும் பதிவு செய்தார்களா என்பதையும் கேளுங்கள். தொண்டையில் அடைப்பு இருக்கும் வேளையில் அந்த வரைபடத்தின் கீழ்ப்பாதி வளைவாக இல்லாமல் தட்டையாகத் தெரியும், வெளியே ஊதும் பகுதியை மட்டும் பார்த்தால் அது தவறிப்போகும்.

எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது ஒரு கைப்பேசிக் காணொளிதான். தொண்டை இறுகிய நேரத்தில் மனைவி என் முகமும் கழுத்தும் தெரியும்படி, சத்தத்தோடு பதிவு செய்தார். அதைப் பார்த்த பிறகுதான் வைத்தியர் மேசையில் சாய்ந்து என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். அம்மா விழித்திருக்கிறார் என்றீர்கள், அவரிடமே இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அவருக்கும் பயத்தோடு சும்மா உட்கார்ந்திராமல் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்.

இறுகும்போது வாயால் இழுத்துப் போராடினால் இன்னும் இறுகும். தோள்களைத் தளர்த்தி, நாக்கைக் கீழ்வாயில் படியவிட்டு, பூவை முகர்வது போல மூக்கால் சிறிதாக உறிஞ்சி, உதடுகளைக் குவித்து ‘ஸ்ஸ்’ என்று மெதுவாக வெளியே விட வேண்டும். நன்றாக இருக்கும் நேரத்தில் நாள்தோறும் பழகினால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும். இதை முறையாகக் கற்றுத் தருபவர்கள் பேச்சுச் சிகிச்சையாளர்கள். ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, அரச வைத்தியசாலைகளிலும் இவர்கள் பணியாற்றுகிறார்கள். வைத்தியரிடம் அனுப்புகைக் கடிதம் கேளுங்கள்.

பதில்: தெஹிவளை, ஓய்வுபெற்ற தாதி

மகள், மேலே தம்பி எழுதியது பயனுள்ளது, ஆனால் அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை நான் சொல்லியே ஆக வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சில் சத்தம் நிற்காமல் வருதல், ஒரு வசனத்தை முடிக்க முடியாமை, உதடு நீலமாதல், உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமல் வழிதல், நாக்கோ உதடோ வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் திகதிக்காகக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். குரல் அடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் மாறாதிருத்தல், கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருந்தால், திகதியை முன்னுக்குக் கொண்டுவருமாறு குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்குங்கள். உங்கள் குரல் அடைப்பு எத்தனை நாளாகத் தொடர்கிறது என்பதை நீங்கள் தெளிவாக எழுதவில்லை, அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இருமலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரச நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அதற்குக் கட்டணம் இல்லை.

வைத்தியரிடம் போகும்போது குளிசைகள் எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில் வகை மருந்து சிலருக்கு வறட்டு இருமலையும், அரிதாகத் தொண்டை வீக்கத்தையும் தரும். மனப்பதற்றம் என்று சொன்னவர் புரொப்ரனலோல் எழுதியிருந்தால், ஆஸ்துமா சந்தேகமும் இருக்கிறது என்று உடனே தெரிவியுங்கள், ஏனெனில் அது ஆஸ்துமாவை மோசமாக்கக்கூடும். நீங்கள் பாவிக்கும் இன்ஹேலர்களில் ஒன்று ஸ்டீரொய்ட் என்றால் அதுவே குரலை அடைக்கச் செய்யலாம். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து எடுத்து, பின்னர் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். எதையும் கேட்காமல் நிறுத்த வேண்டாம். கழுத்துக் கழலையும் மூச்சுக்குழாயை அழுத்தக்கூடும், தைரொயிட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: மருதானை வாசகர்

செருமல், ஒட்டியிருப்பது போன்ற உணர்வு, மாலையில் குரல் அடைப்பு ஆகியவை எனக்கும் இருந்தன. நெஞ்செரிவே இல்லாமல் இரைப்பை அமிலம் தொண்டை வரை மேலேறுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது என் வழக்கமாக இருந்தது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திய பிறகு, மெதுவாகத்தான் என்றாலும், நல்ல மாற்றம் வந்தது. தலையணையை மட்டும் கூட்டினால் வயிறு மடிந்து அழுத்தம் கூடுகிறது. ஒமிப்ரசோல் தந்தால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன் எடுக்க வேண்டும். ஆனால் அதைப் பார்மசியில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், தொண்டைத் தொல்லை எல்லாம் அமிலத்தால் வருவதல்ல. செருமுவதற்குப் பதிலாக ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், செருமச் செருமத் தொண்டை இன்னும் புண்படும்.

கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தை ஆசிரியை

அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. தாதி அம்மா சுட்டிக்காட்டியபடி கணக்கிட்டுப் பார்த்தேன், குரல் அடைப்பு மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டது. எனவே நாளைக்கே குடும்ப வைத்தியரிடம் போய்க் கடிதம் கேட்கிறேன். காணொளி எடுப்பது எப்படி என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், காலி வீதி வாகன இரைச்சலுக்கு மேலாக, குரலை உயர்த்தாமல் எப்படிக் கற்பிப்பது?

பதில்: கொட்டாஞ்சேனைவாசி

இடுப்பில் கட்டி, தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கிகளைச் சில தனியார் வகுப்பு ஆசிரியர்கள் பாவிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பாடசாலையிலும் பாவிக்க அதிபரிடம் அனுமதி கேளுங்கள். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் தொண்டைக்குச் சுமைதான். இயல்பான தொனியில், வசனங்களைச் சுருக்கி, இடையில் மூச்சு வாங்கிப் பேசுங்கள். கரும்பலகையில் எழுதும்போது பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். நிபுணரைப் பார்த்த பின் அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.