போதகர் பட்டியலில் 38 வருட இடைவெளி: எங்கே தேடுவது?

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அமெரிக்கன் பாப்டிஸ்ட் தெலுங்கு மிஷன் வழிவந்த சபை ஒன்றுக்கு நினைவு மலர் தயாராகுது. ஆலயப் பெயர்ப்பலகையில் முதலில் மிஷனரி சாமுவேல் டே, அடுத்து மிஷனரி லைமன் ஜூவெட். நடுவில் இருந்த போதகர்களை எங்கே தேடலாம்? பழைய மினிட்ஸ் (சபைக் கூட்டக் குறிப்பேடு), ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு மூணும் பீரோவில் இருக்கு.

வேப்பேரி தாஸ்:
நடுவில் யாருமே இல்லாமலும் இருக்கலாம் பிரதர். டே 1837ல் சென்னைக்கு வந்தார், 1840ல் நெல்லூருக்குப் போயிட்டார். ஜூவெட் நெல்லூரிலிருந்து இங்கே மாறி வந்தது 1878ல். ரெண்டு பேரையும் ஒரே சபையின் அடுத்தடுத்த போதகர்களா எழுதினா சரித்திரமே கோணிடும். டே பெயரை மிஷன் முன்னோடின்னு தனியா போடுங்க. அடிக்கல்லை வச்சு சபைக்கு வயசு சொல்லாதீங்க, அது கட்டடத்தோட தேதி. சபை எப்போ ஸ்தாபிக்கப்பட்டதுன்னு முதல் மினிட்ஸ்தான் சொல்லணும்.

ராயபுரம் ஏசுதாசன்:
பாப்டிஸ்ட் சபையில் பிஷப் ஆயரை மாற்றி அனுப்புற வழக்கமில்லை, சபைக் கூட்டமே தீர்மானம் போட்டு அழைக்கும். அதனால மினிட்ஸில் அழைப்பு, சம்பளம், ராஜினாமா மூணையும் தேதியோட தனித்தனியா குறிச்சுக்குங்க.

திருமணப் பதிவேட்டில்தான் பலரும் ஏமாறுறாங்க. 1872ஆம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணம் நடத்துற லைசென்ஸ் தனி ஆளுக்குத்தான், சபைக்கு இல்லை. உள்ளூர்ப் போதகரிடம் லைசென்ஸ் இல்லேன்னா வேற சபைப் பாஸ்டர் வந்து நடத்திக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரே கையெழுத்து மாசக்கணக்கில் தொடர்ந்து வந்து, மினிட்ஸிலும் அவர் பெயர் இருந்தா மட்டும் பட்டியலில் சேருங்க. ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் இதே எச்சரிக்கை. அதோட, அங்கே இருக்கிறது விசுவாச அறிக்கை செய்து மூழ்கி எழுந்தவங்க பெயர்தான். குழந்தைகள் வராததால அதை வச்சுக் குடும்பத் தொகை கணக்குப் போட முடியாது.

வேப்பேரி தாஸ்:
இன்னொண்ணு. 1947ல் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) உருவானப்போ பாப்டிஸ்ட்கள் அதில் சேரலை, அதனால அதோட பேராயத்தில் போய்த் தேடி அலையாதீங்க. மிஷனின் ஆண்டறிக்கைகளைப் பாருங்க. மிஷனை நடத்தின அமைப்பின் பெயர் 1910க்கு முன்னாடி மிஷனரி யூனியன், அப்புறம் ஃபாரின் மிஷன் சொசைட்டி. ஒரே பெயரில் தேடினா பாதிதான் கிடைக்கும். அறிக்கை வெளியான வருஷமும் அதில் சொல்ற வேலை நடந்த வருஷமும் ஒண்ணா இருக்காது, தேதி ஒரு வருஷம் தள்ளிப்போறது இப்படித்தான். அதில் முன்னால நிற்கிறது மிஷனரி பெயர். இந்தியப் போதகர் உள்ளே ஒரு வரியில்தான் இருப்பார். அந்த வரியை விட்டுடாதீங்க, சபையை உண்மையில் மேய்ச்சது அவங்கதான்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி ஐயா. மினிட்ஸ் தெலுங்கில் இருக்கு. எழுத்து ஓரத்தில் தாள் உடையுது, லேமினேட் பண்ணலாமா?

ராயபுரம் ஏசுதாசன்:
வேண்டவே வேண்டாம், செல்லோடேப்பும் ஆகாது. பழைய இரும்பு மையில் இருக்கிற அமிலம் தாளை அரிக்குது. லேமினேட் சூடு அதை இன்னும் கெடுக்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. நோட்டை 90 டிகிரிக்கு மேல் விரிக்காம, அட்டை உட்பட ஒவ்வொரு பக்கமா ஃபிளாஷ் இல்லாம போட்டோ எடுங்க. பக்க எண் இல்லேன்னா மென்மையான பென்சிலால் மூலையில் போடுங்க. தெலுங்கு பழைய கையெழுத்து படிக்கத் தெரிஞ்ச சபைப் பெரியவரிடம் அந்தப் படங்களையே பிரிண்ட் போட்டுக் கொடுங்க, நோட்டு பீரோவை விட்டு வெளியே போக வேண்டாம்.