பட்டறையில் நல்ல பிள்ளை, சிக்னலில் ஆஃப்: பழைய வண்டி ஐடில் அனுபவங்கள்

ஜென் 97, ஈரோடு

அப்பா வாங்கிய மாருதி ஜென் கார், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் வைத்த மாடல். 993 சிசி, நாலு சிலிண்டர். இன்றைக்கும் இழுவையில் குறை சொல்ல முடியாது. தொந்தரவு ஒன்றே ஒன்றுதான்: பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் போய் நின்றால், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) இஞ்சின் இரண்டு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகிவிடும். ஏசி போட்டிருந்தால் கட்டாயம் ஆஃப். பின்னாடி நிற்கும் பஸ்காரர் அடிக்கிற ஹாரனில் சாவியே கைக்குச் சிக்காது.

முதல் பட்டறையில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, கிட் மாற்றினார்கள். நான்கு நாள் கழித்து அதே கதை. இரண்டாவது இடத்தில் பிளக், பிளக் ஒயர் எல்லாம் புதுசு. மூன்றாவது மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், ஸ்குரூவை அரைத் திருகு திருகினார், "ஐடில் கூட்டி வெச்சுட்டேனுங்க, இனி நிக்காது" என்றார். நிற்கவில்லைதான். ஆனால் கிளட்சை விட்டால் வண்டி தானாக ஓடுகிறது, பெட்ரோலும் கூடக் குடிக்கிறது.

எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. மூன்று பட்டறையிலும் வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. சாலையில் இறங்கினால்தான் ஆட்டம். மெக்கானிக்குகள் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

விடை சொன்னது என் பையன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் இஞ்சினை ஓடவிட்டு நான் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். அவன் டிரைவர் சீட்டில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தவன், "அப்பா, பிரேக்கை அமுத்துனா உள்ளே பாம்பு சீறுது" என்றான். அவன் மிதித்த அதே நொடியில் என் முன்னால் இஞ்சின் தடுமாறியது.

அப்போதுதான் உறைத்தது. சிக்னலில் நிற்கிறவன் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் நிற்பான். பட்டறையில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு எல்லோரும் முன்னால் நின்று பார்ப்பார்கள். பெடலை யாருமே தொடவில்லை.

பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கமை (காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை) இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயிலிருந்து) ஒரு தடித்த ஓஸ் பைப் எடுத்துத் தருகிறது. பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (தடுப்புச் சவ்வு) கிழிந்தால், பெடலை மிதிக்கும்போது வெளிக்காற்று அந்த வழியாக நேரே மேனிஃபோல்டுக்குப் போய்விடும். கார்பரேட்டர் அளந்து கொடுத்த பெட்ரோலுக்கு மேல் அளக்காத காற்று. ஐடிலில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருப்பதால் இஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் இந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் கலந்து போய்விடும். அதனால்தான் ஓட்டத்தில் குறை தெரிவதில்லை.

சந்தேகத்தை இரண்டு விதமாகச் சோதித்தேன். இஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை அடித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தேன். நல்ல பூஸ்டர் என்றால் பெடல் ஒரு விரல் அளவாவது கீழே இறங்க வேண்டும். என்னுடையது அசையவே இல்லை என்று சொல்லலாம். அடுத்து வேக்கம் கேஜ் இரவல் வாங்கி மாட்டினேன். சும்மா இருக்கும்போது 18 அங்குலம் (பாதரச அளவில்), முள் ஆடவில்லை. பெடலை மிதித்ததும் 12க்கு இறங்கியது, காலை எடுக்கும் வரை ஏறவே இல்லை. கடைசியாக அந்தத் தடித்த ஓஸைத் துணி சுற்றி பிளேயரால் நெரித்துப் பிடித்ததும், பெடலை மிதித்தபோதும் இஞ்சின் அமைதியாக ஓடியது. (நெரித்தபடி வண்டியை நகர்த்திப் பார்க்காதீர்கள், பெடல் கல்லாகிவிடும்.)

சென்னைப் புதுப்பேட்டையில் பழசு மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். பிரேக் சாமானில் பழசு எதற்கு என்று புது பூஸ்டரே போட்டேன். பிறகு அந்த ஐடில் ஸ்குரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. காலைக் குளிரில் மட்டும் இன்னும் ஒரு சின்னத் துடிப்பு இருக்கிறது, அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், நெல்லை

அண்ணே, உங்களுக்கு நிக்குது, எனக்கு நிக்கவே மாட்டேன்னுது! த்ராட்டிலை முழுசா விட்டாலும் ரேஸ் இறங்காது, கத்திக்கிட்டே இருக்கும். கேபிள் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சு ரெண்டு கேபிள் மாத்தினேன். கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற ரப்பர்தான் வில்லன். பார்த்தா முழுசா இருக்கு, கையால மடக்கினா அடிப்பக்கம் மயிரிழை வெடிப்பு. வெடிப்பு மேல கிரீஸை அப்பினேன், ரேஸ் அப்படியே இறங்கிடுச்சு. அவ்வளவுதான் டெஸ்ட். டூ ஸ்ட்ரோக்காரங்க இதைத் தள்ளிப்போடாதீங்க. காத்து கூடினா சூடு ஏறி பிஸ்டன் பிடிச்சுக்கும், அப்புறம் சிலிண்டரைக் கடைஞ்சு போர் போடுற செலவு. ரப்பர் மாத்தியும் கத்துச்சுன்னா மேக்னெட் பக்கத்து ஆயில் சீலைப் பாருங்க, அது வழியாவும் காத்து புகும்.

அம்பாசடர், தஞ்சாவூர்

தம்பிகளா, முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவன். என் பழைய வண்டியில் பூஸ்டரே கிடையாது, காலில்தான் பலம். ஆனால் காற்று இழுக்கிற தொல்லை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. லீக் தேடுகிறேன் என்று ஓடுகிற இஞ்சின் மேல் பெட்ரோலைத் தெளிக்கிற பழக்கம் ஸ்டாண்டில் உண்டு. கூட ஓட்டிய ஒருவர் வண்டி என் கண்ணெதிரே குப்பென்று தீப்பிடித்தது, சாக்கு போட்டு அணைத்தோம். பூச்செடிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் போதும். பேக்கிங் ஓரமாக, ஓஸ் முனையில், கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுப்பது) பக்கம் மட்டும் போக வேண்டாம். லீக் உள்ள இடத்தில் பட்டதும் இஞ்சின் சத்தம் மாறும்.

ஈரோட்டுத் தம்பி, எல்லா ஓஸும் சரியென்றால் கார்பரேட்டர் ஸ்பிண்டிலை (த்ராட்டில் தகடு மாட்டியிருக்கும் கம்பியை) கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஓட்டை தேய்ந்திருந்தால் அதைச் சுற்றிக் காற்று போகும். எத்தனை கிட் மாற்றினாலும் தீராது. லேத்தில் கொடுத்து, தேய்ந்த ஓட்டைக்குள் செருகும் வளையமான புஷ் போட வேண்டும்.

ஜென் 97, ஈரோடு

ஐயா, இன்று காலை ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஆடுகிறது. விரலால் மேலே தூக்கிப் பிடித்தால் துடிப்பு நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது. கிட் மாற்றிய பட்டறையில் இதைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. லேத்துக்காரர் வியாழக்கிழமை கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதுவரை பையனை ஸ்கூலுக்கு டிவிஎஸ்ஸில்தான் கொண்டுபோய் விடுகிறேன்.