நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு: இதில் நடக்க நேரம் எங்கே எடுப்பது?

செராய் ஷிப்ட் அம்மா:

வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இருக்கிறேன், வயது 43. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டர் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் பகல் இரவாக மாறும். பகல் ஷிப்ட் என்றால் காலை 5.50-க்குத் தாமான் (எங்கள் குடியிருப்பு) முச்சந்தியில் பஸ் நிற்கும். அப்போது இங்கே கும்மிருட்டு. வீடு திரும்ப இரவு எட்டு. வந்ததும் சமையல், பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, அம்மாவுக்கு மாத்திரை. கணவர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். மில்லில் வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் வருவார்.

போன மாதம் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். எச்பிஏ1சி என்கிற சர்க்கரைச் சோதனையில் 6.0. இனிப்பு நீர் (நீரிழிவு) இன்னும் வரவில்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். என் அப்பாவுக்கு இதே நோயில்தான் ஒரு காலை எடுத்தார்கள். கடைசி வரைக்கும் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். அதனால் எனக்கு இது சும்மா ஓர் எண் இல்லை.

பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், செவ்வாய், வியாழன் இரவு சும்பா நடனப் பயிற்சி நடக்கிறது. பணம் கட்டிச் சேர்ந்தேன். எட்டு வகுப்பில் மூன்றுக்குத்தான் போக முடிந்தது.

பன்னிரண்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறேன். அது உடற்பயிற்சியில் சேராதா? அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தினமும் 500 மரத்துக்கு மேல். அவருக்கு 72 வயதிலும் சர்க்கரை கிடையாது.

லூனாஸ் தம்பி:

அக்கா, காலை நாலு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் ஓடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

செராய் ஷிப்ட் அம்மா:

தம்பி, நான் படுக்கவே பதினொன்றரை ஆகிறது. இருக்கிற ஐந்து மணித் தூக்கத்திலும் கை வைத்தால் மெஷின் முன்னால் கண் சொக்கும். நம் தாமானில் அந்த நேரத்தில் நாய்கள் வேறு.

நாலுக்கு ரெண்டு:

அக்கா, நானும் 15 வருடமாக இதே ஷிப்ட்தான், டெக்னீஷியன். உங்களுக்குச் சும்பா சரிப்படாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நம் சுற்று ஆறு நாள், ஊருக்கு வாரம் ஏழு நாள். இரண்டு வாரம் செவ்வாய் ஓய்வாக வந்தால் அடுத்த நாலு வாரம் செவ்வாயில் வேலையில் இருப்போம். கிழமை பார்த்துப் போடுகிற எந்தத் திட்டமும் நமக்கு நிற்காது. இது புரியவே எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதுவரை என் மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் கிழமையை மறந்துவிட்டு ஆறு நாளைக்குக் கணக்குப் போடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. ஆறு நாளுக்கு அது ஏறக்குறைய 130. வேலை நாள் நாலிலும் 20 நிமிடம் என்றால் 80. ஓய்வு நாள் இரண்டிலும் 25 என்றால் 50. கணக்கு முடிந்தது.

வேலை நாளின் 20 நிமிடத்தை நான் இரண்டாக உடைக்கிறேன். கேண்டினில் சாப்பிட்டதும் கூரை போட்ட நடைபாதையில் கேட் வரை போய்த் திரும்பினால் பத்து நிமிடம். மழை பெய்தாலும் நிற்காது. இன்னொரு பத்து, பஸ்ஸை விட்டு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி வீட்டுக்கு. கிளீன்ரூமின் தூசி தடுக்கும் உடையை மாற்றவே உங்களுக்கு நேரம் போகும் என்று தெரியும். அப்படியானால் கேண்டினில் போனைத் திறக்காதீர்கள், அந்தப் பத்து நிமிடம் அதில்தான் இருக்கிறது.

இரவு ஷிப்டில் வேலை முடிந்த காலையில் நடக்கப் போகாதீர்கள். வெயில் முகத்தில் பட்டால் தூக்கம் கலைந்துவிடும். நேரே வீட்டுக்குப் போய்ப் படுங்கள். மாலையில் எழுந்து, பஸ்ஸுக்கு முன் நடக்கலாம்.

பழைய டிரெசர்:

தங்கச்சி, தோட்ட கிளினிக்குகளில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உன் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நிற்பது நடப்பதாகாது. நிற்கும்போது கால் வலிக்கும், நரம்பு புடைக்கும், ஆனால் இதயத் துடிப்பு பெரிதாக ஏறாது, தசை அதிகமாகச் சர்க்கரையை இழுக்காது. வேகமாக நடந்தால் இழுக்கும். அதுவும் சாப்பிட்ட உடனே நடந்தால், ரத்தத்தில் ஏறி வருகிற சர்க்கரையைத் தொடைத் தசை அப்போதே எடுத்துக்கொள்ளும். மேலே தம்பி சொன்ன கேண்டின் நடை அதனால்தான் எனக்குப் பிடித்தது. வேகம் எவ்வளவு என்றால், பேச முடியும், பாட முடியாது.

உன் அம்மா மரத்துக்கு மரம் நடந்தார், ஏற்றம் ஏறினார், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரை போனார். அது நிஜமான உழைப்பு. ஆனால் அந்தத் தலைமுறையின் முதுகையும் முழங்காலையும் தினமும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த வாழ்க்கை திரும்ப வேண்டாம். அதிலிருந்த நடை மட்டும் நமக்குப் போதும்.

முன்பெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்பார்கள். 2020-இல் வந்த உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டியில் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்.

நம் நாட்டில் எச்பிஏ1சி 6.3-ஐத் தொட்டால் நீரிழிவு என்று எழுதுவார்கள். நீ 6.0-இல் இருக்கிறாய். 2002-இல் அமெரிக்காவில் உன் போன்ற நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்து முடிவை வெளியிட்டார்கள். வாரம் 150 நிமிடம் நடந்து, உடல் எடையில் 7 விழுக்காடு குறைக்கப் பழக்கப்பட்டவர்களிடம், நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் 31 விழுக்காடுதான். இதைப் படித்த பிறகு நான் பார்த்த ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. எச்பிஏ1சி சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, பதினைந்து நாளில் எண் மாறவில்லை என்று மனம் விடாதே. அப்புறம் நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். ஓய்வு நாள் இரண்டிலும் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திரு, சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளு. மூன்று சுற்று. உலை கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

செராய் ஷிப்ட் அம்மா:

அண்ணனுக்கும் தம்பிக்கும் நன்றி. ஒரு சுற்று முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். 130 வரவில்லை, 105 வந்தது. மூன்றாம் நாள் ஓவர்டைம், அன்று கேண்டின் நடை மட்டும்தான். ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது எனக்கு முடியாது, அந்த இடத்தில் விளக்குக் கம்பம் இல்லை, லாரி ஓரமாக உரசிப் போகிறது. அதற்குப் பதில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் லோரோங்கில் (சந்தில்) போய் வருகிறேன். முதல் நாள் தனியாகப் போனேன். இரண்டாம் நாள் எதிர்வீட்டு அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாளைக்கு இரவு ஷிப்ட் தொடங்குகிறது. மாலை ஐந்தேகாலுக்குத் தமிழ்ப்பள்ளித் திடல். எத்தனை சுற்று என்று எண்ணுவது தன் வேலை என்கிறாள் சின்னவள்.

அண்ணே, நாற்காலிப் பயிற்சியை முழங்கால் தேய்ந்த அம்மாவும் செய்யலாமா?

பழைய டிரெசர்:

செய்யலாம். உயரமான நாற்காலியாக எடுத்துச் சுவரை ஒட்டிப் போடு, கைப்பிடியைப் பிடித்து எழட்டும், ஐந்து முறை போதும். வலி கூடினால் நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் காட்டு.